கதவு வைத்த மறியல்

என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்ற செய்தியை நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று, கையெழுத்து வைத்து வாங்கினேன். பூம்ப்ளிஸில் நாங்கள் இருந்த வீட்டுக்கு வரும் தபால்காரர் நல்ல மனிதர். பதிவுத் தபால் என்றால் யாராவது கதவைத் திறக்கும்வரை மணியை அழுத்திக்கொண்டே நிற்பார். எங்கள் வீட்டுக்கு வரும் பதிவுத் தபால் எதுவும் நல்லதற்கு வருவதில்லை என்பது அவருக்கும் தெரியும். அதனாலோ என்னவோ, பேனாவைத் திருப்பி வாங்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டார். அன்றைக்கும் பார்க்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சுவிஸில், பேர்ன் நகரத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு பழைய மாடிவீட்டின் மேல்தளத்தில் யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் ஒரு கூட்டமாகத் தங்கியிருந்தோம். பகலில் பாதிப் பேர் வேலைக்குப் போவார்கள், பாதிப் பேர் படுத்திருப்பார்கள். மாலையில் ஆட்கள் மாறுவார்கள், மெத்தை மாறாது. நான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். என்னுடைய ஜெர்மன் அடுப்படி ஜெர்மன். சூடு, கெதியாச் செய், இன்னொருக்காக் கழுவு என்ற அளவில் அது நின்றுவிட்டது. அகதி அலுவலகத்தில் இருந்து வந்த கடிதத்திலோ இந்த மூன்று சொற்களில் ஒன்றுகூட இல்லை.

ஆகவே கடிதத்தை எங்கள் வீட்டு அப்புக்காத்தரிடம் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் வக்கீலை அப்புக்காத்து என்பார்கள். இவர் வக்கீல் இல்லை. ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், எங்கள் எல்லோரிலும் வயதில் மூத்தவர். தன்னுடைய கேஸில் இரண்டு முறை தோற்றிருந்தார். அதனால் தனக்குச் சட்டம் முழுக்கத் தெரியும் என்பது அவருடைய நிலைப்பாடு. அவருடைய கடையை ஆமி கொளுத்தியிருந்தது, ஆனால் அவரைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. நடந்தது கடைக்குத்தானே, உமக்கு என்ன நடந்தது என்று கேட்டு இங்கே நிராகரித்து எழுதிவிட்டார்கள். தோற்றவரிடம் ஆலோசனை கேட்கலாமா என்றால், கேட்கலாம். வீட்டில் ஜெர்மன் அகராதி அவரிடம் மட்டும்தான் இருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜெர்மனை ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தைத் தமிழாக்கி வாசிக்கத் தொடங்கினார்.

“தம்பி, உனக்கு நெகட்டிவ்.”

“அது தெரியுது அண்ணை. ஏனெண்டு போட்டிருக்கு?”

“பொறு. சட்டத்தை ஆறுதலாத்தான் வாசிக்கோணும். உன்னைப் பிடிக்க வந்த ஆமிக்காரர் உன்னோடை இருந்து கதைச்சவையாம்.”

“கதைச்சவையோ? அடிச்சவங்கள் அண்ணை!”

“அடி பிறகு வருது. முதல் கதைச்சிருக்கினம். ஒரு பெரிய அதிகாரி கனநேரம் உன்னோடை கதைச்சவராம். அந்தக் கதையை வார்த்தையாலை சொல்லேலாது எண்டு நீயே சொன்னனியாம். இவ்வளவு நல்லாக் கதைச்ச மனுசன் பேந்து அடிச்சவர் எண்டதை நம்பேலாதாம்.”

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

“பேந்து நீ ஒரு மாரி முழுக்க றோட்டை மறிச்சுக்கொண்டு இருந்தனியாம்.”

“எந்த றோட்டை?”

“அது போடேல்லை. கனபேர் சேர்ந்து மறிச்சவையாம். அந்த நேரம் முழுக்க ஆளுக்காள் கதை சொல்லிக்கொண்டு இருந்தனீங்களாம். நீயே ஒத்துக்கொண்டிருக்கிறாய்.”

அடுத்த வரியில் அவர் நின்றுவிட்டார். அகராதியைப் புரட்டினார். ஒரு சொல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சொல்லைப் பார்த்தார்.

“தம்பி, ஆமி வருதெண்டு கேள்விப்பட்ட உடனை நீ கக்கூசுக்குப் போனனியோ?”

இதைக் கேட்டதும் படுத்திருந்த பாதிப் பேரும் எழும்பிவிட்டார்கள். ஒருவன் மெத்தையில் உருண்டு உருண்டு சிரித்தான். அப்புக்காத்தர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒரு மாரி முழுக்கச் சிறையில் கிடந்தவன். விட்டபோது, மறுபடி பிடிப்போம் என்று சொல்லித்தான் விட்டார்கள். என் பெயர் அவர்களுடைய புத்தகத்தில் இருந்தது. விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினால், இறங்குகிற இடத்திலேயே அந்தப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு நிற்பார்கள். அதைச் சொல்லித்தானே நான் அகதி அந்தஸ்துக் கேட்டேன்? ராணுவம் வரும்போது கக்கூசுக்குப் போய், அதிகாரியோடு அளவளாவி, பிறகு தெருவில் உட்கார்ந்து கதை சொன்னவனை யார் வைத்திருப்பார்கள்? நானே சுவிஸ் அதிகாரியாக இருந்தால் அனுப்பித்தான் இருப்பேன்.

“கக்கூஸை வெட்டக்கூடாது தம்பி,” என்றார் அப்புக்காத்தர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “அது எங்களுக்கு நல்ல பொயின்ற். பயந்தவன்தானே போவான்?”

அன்று கோப்பை கழுவப் போகும்போதுதான், பஸ்ஸில் நின்றபடி, விசாரணை நாளை ஒவ்வொரு சொல்லாக மனதில் ஓட்டிப் பார்த்தேன்.

விசாரணைக்கு மொழிபெயர்க்க வந்தவர் மதுரைப் பக்கத்துக்காரர். பொறியியல் படிக்க வந்து, இங்கேயே கல்யாணம் கட்டி நின்றுவிட்டவர். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். உட்கார்ந்ததும் எனக்கு ஒரு புதினா மிட்டாய் தந்தார். என்னைச் சார் என்று கூப்பிட்டார். வாழ்க்கையில் யாரும் என்னைச் சார் என்றதில்லை, அதனால் அந்த மனிதருக்கு நான் முழு விசுவாசியாகிவிட்டேன். அவருடைய தமிழ் எனக்கு முழுக்க விளங்கியது. படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மதுரைத் தமிழ் எப்படி விளங்காமல் போகும்? என்னுடைய தமிழ் அவருக்கு விளங்குமா என்ற கேள்விதான் என் தலையில் வரவில்லை. எங்கள் தமிழில் அவர் எந்தப் படத்தைப் பார்த்திருப்பார்?

“ஆமி வருதுன்னு தெரிஞ்சதும் நீங்க என்ன பண்ணீங்க சார்?”

“கேள்விப்பட்ட உடனை வெளிக்கிட்டன்.”

அவர் கொஞ்சம் தயங்கினார். “வெளிக்கா?”

“ஓம். ஆனால் சுணங்கிப் போச்சு. வாசல்லையே பிடிச்சிட்டாங்கள்.”

அவர் குரலைத் தாழ்த்தி, பண்பாக, அதை ஜெர்மனில் சொன்னார். என்னில் இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

“பிடிச்சு?”

“பேசினாங்கள். பெரியவன் ஒருத்தன் வந்து கனநேரம் பேசினான்.”

“என்ன பேசினார்?”

“அதை வாயாலை சொல்லேலாது.”

“அப்புறம்?”

“அடிச்சாங்கள். பேந்து மறியல். மாரி முழுக்க மறியலிலைதான் இருந்தன். கனபேர் இருந்தம். ஒருதரோடை ஒருதர் கதைச்சுக்கொண்டிருக்கிறதைத் தவிர வேறை வேலை இல்லை.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியபோது எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் ஊரில் ஒருவன் பேசினான் என்றால் வாய்க்கு வந்தபடி திட்டினான் என்று அர்த்தம். சும்மா வாயைத் திறந்து உரையாடுவதற்குப் பெயர் கதைப்பது. வெளிக்கிடுவது என்றால் கிளம்புவது. மறியல் என்றால் சிறை. மதுரையில் பேசுவது உரையாடுவது, கதைப்பது கதை விடுவது, மறியல் தெருவை மறிப்பது. வெளிக்குப் போவது எதற்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த மனிதர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவருடைய ஊருக்கு ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

இதில் கொடுமை என்னவென்றால், விசாரணை முடிந்ததும் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஜெர்மனில் எழுதப்பட்டதை அவர் தமிழில் திருப்பிச் சொன்னார். அவர் “பேசினார்” என்றார், நான் திட்டு என்று கேட்டேன். அவர் “மறியல்ல இருந்தீங்க” என்றார், நான் சிறை என்று கேட்டேன். அவர் “வெளிக்குப் போனீங்க” என்றார், நான் வெளிக்கிட்டதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். “சரிதானே சார்?” என்று அவர் ஒவ்வொரு பந்திக்கும் கேட்க, நான் “ஓம், ஓம்” என்று தலையாட்டி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வைத்தேன். என் கழுத்துக்கான கயிற்றைப் பிழை இல்லாமல் முறுக்கியிருக்கிறார்களா என்று நானே சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு உணவகத்தில் இரண்டு கோப்பைகள் உடைந்தன. எந்தக் கோபத்தில் என்று சமையல்காரருக்கு விளங்கவில்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் ஜெர்மனும் இல்லை.

மேல்முறையீடு செய்யத் தவணை கொடுத்திருந்தார்கள். தேவாலய மண்டபத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அம்மா இருந்து அகதிகளுக்கு மேல்முறையீடு எழுதிக்கொடுப்பார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பிழை கண்ட இடத்தில் தாளில் குத்துகிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. ஆங்கிலத்தில் கதைத்தோம். அப்புக்காத்தரும் என் சட்டத்தரணி என்ற தோரணையில் கூடவே வந்து உட்கார்ந்தார்.

நான் விளக்கினேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“கொஞ்சம் பொறு. உன் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது?”

“ஆம்.”

“அப்படியானால் நீங்கள் பேசுவதை என்ன என்பீர்கள்?”

“கதைப்பது.”

“கதை என்றால் என்ன?”

“கதைதான். குழந்தைகளுக்குச் சொல்வது.”

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அப்புக்காத்தரைப் பார்த்தார். அப்புக்காத்தர் உண்மைதான் என்று சட்டத்தரணி தலையசைப்பு ஒன்று அசைத்தார். அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “அந்த அதிகாரி உனக்குப் பேசியதைப் பேசிக் காட்டு,” என்றார். நான் எழுந்து நின்று, அந்த ஆள் என்னைச் சொன்ன வார்த்தைகளில் தாங்கக்கூடியவற்றை, அவன் கத்திய அளவிலேயே கத்தினேன். பக்கத்து அறையில் பாட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேனாவை எடுத்தார்.

எழுதுகிறபோது அவருக்கே சிரிப்பு வந்தது. இளவயதில் அவர் ஜெர்மனிக்குப் போனபோது பிந்திப் போய், ரயிலைப் பிடிக்க நிலையத்துக்கு ஓடிவந்தேன் என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் பேர்னில் ஓடுவதற்குச் சொல்லும் சொல் ஜெர்மனியில் குதிப்பதற்கு உரியது. அந்த மனிதர் இவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஜெர்மன்காரர் ஓடுகிறேன் என்றால் சுவிஸ்காரர் நடக்கிறார் என்று நினைப்பாராம். “இதையே எழுதுகிறேன்,” என்றார். “பேர்னில் இருக்கிற அதிகாரிக்கு இதைவிட நன்றாக விளங்கக்கூடிய நியாயம் வேறு கிடையாது.”

அப்புக்காத்தருக்கு அது போதவில்லை. தலைகீழாகத் தொங்கவிட்டதாக ஒரு வரி, ஹெலிகொப்டரில் இருந்து தள்ளப் பார்த்ததாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “அப்படி நடந்ததா?” என்பார். நான் இல்லை என்பேன். அவர் தாளில் குத்துவார். வெளியே வந்ததும் அப்புக்காத்தருக்குக் கோபம்.

“தம்பி, உண்மையை மட்டும் எழுதினால் கேஸ் மெலிஞ்சு போகும்.”

“அண்ணை, நான் மறியலிலை இருந்தது உண்மை. அதை அவங்கள் நம்பினால் போதும். ஹெலிகொப்டரை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ.”

“என்னட்டைக் கடை மட்டும்தானே இருந்தது,” என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் முன்னே நடந்தார்.

மேல்முறையீடு போன பிறகு, பலருக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது. மறுபடி வந்து வாய்மூலம் சொல்லச் சொல்லி அழைத்திருந்தார்கள். வீட்டில் எல்லோரும் அதைக் கோடு என்றார்கள். நீதிமன்றத்துக்கு எங்கள் ஊரில் கோடு என்றுதான் பெயர். கோடு என்றால் மேடை இருக்கும், கறுப்புச் சட்டை இருக்கும், கூண்டு இருக்கும் என்று அப்புக்காத்தர் என்னைத் தயார்படுத்தினார். உள்ளே போனதும் குனிந்து “மை லோட்” என்று சொல்ல வேண்டும், கேட்டால் மட்டும் வாய் திறக்க வேண்டும், கையைக் கட்டக்கூடாது, தொங்கவும் விடக்கூடாது. அப்படியானால் கையை என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு அவர் அலுமாரியைத் திறந்தார். யாருடையதோ ஒரு கோட்டுச் சட்டையை எனக்கு மாட்டிவிட்டார். அதன் கை என் விரல்களையும் மூடியது. ஆகவே கையைப் பற்றிய பிரச்சினை தானாகத் தீர்ந்தது.

போய்ப் பார்த்தால் மூன்றாம் மாடியில் ஒரு சின்னக் கந்தோர், வெறும் அலுவலக அறை. ஜன்னலில் பூச்சட்டி. மேசைக்குப் பின்னால் கம்பளிச் சட்டை போட்ட ஓர் இளம் அதிகாரி பாதி ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து “மை லோட்” என்றேன். அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். துணைக்கு வந்திருந்த தேவாலய அம்மா இருமினார்.

பிறகு கதவைத் திறந்துகொண்டு மொழிபெயர்ப்பாளர் வந்தார். அதே மதுரைக்காரர், அதே கழுத்துப்பட்டி.

இந்த மனிதர் பிழை விட்டார் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அதே மனிதரின் வாயால்தான் அதை நிரூபிக்க வேண்டும். அவருடைய மானமும் என்னுடைய உயிரும் ஒரே மேசையில் கிடந்தன. அவர் மேல்முறையீட்டை வாசித்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இந்தத் தடவை மிட்டாய் இல்லை, சாரும் இல்லை.

அதிகாரி நேரே விஷயத்துக்கு வந்தார். மறியல் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? மொழிபெயர்ப்பாளர் ஜெர்மனில் ஏதோ சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

“மறியல்னா மறியல்தாங்க. காலேஜ்ல படிக்கிறப்ப நானே பண்ணியிருக்கேன். பஸ்ஸ மறிச்சிருக்கோம்.”

“ஐயா, எங்கடை ஊரிலை மறியல் எண்டால் ஜெயில்.”

“அப்ப ஜெயில்னு சொல்ல வேண்டியதுதானே?”

“நான் மறியல் எண்டு சொன்னனான்.”

அவ்வளவுதான். அவருக்கு அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்துவிட்டது. எழுந்து நின்றே விட்டார்.

“எனக்கே தமிழ் சொல்லித் தர்றீங்களா? ஒவ்வொரு பக்கமா படிச்சுக் காட்டுனேன். தலைய தலைய ஆட்டுனீங்க. கையெழுத்துப் போட்டீங்க. இப்ப என்னடான்னா எனக்குத் தமிழே தெரியாதுன்னு எழுதி அனுப்பியிருக்கீங்க! உங்களுக்குப் பரிதாபப்பட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

அதிகாரி ஆப்பிளைக் கீழே வைத்தார். தேவாலய அம்மா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். எனக்கும் சூடு ஏறியது. கேட்டால் மட்டும் வாய் திறக்க வேண்டும் என்ற அப்புக்காத்தரின் சட்டம் காற்றில் போயிற்று.

“ஐயா, நீங்கள் இப்ப எனக்குப் பேசுறியள்!”

“ஆமா, பேசுறேன்! அதுக்கென்ன?”

“கதைக்கேல்லை. பேசுறியள்!”

என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. “நான் தன்னுடன் உரையாடுவதாக இந்த மனிதர் முறையிடுகிறார்” என்று அதை ஜெர்மனில் சொல்ல முடியுமா? சொன்னால் எந்தப் பைத்தியத்துக்கும் அது சரியில்லை என்று தெரியும். அவருடைய காது சிவந்ததை நான் பார்த்தேன். மெதுவாக உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

பிறகு என்னைப் பார்த்து, கந்தோரில் வேறு யாரும் இல்லாதது போல, தணிந்த குரலில் கேட்டார்.

“சார், அந்த மறியலுக்குக் கதவு இருந்துச்சா?”

“இருந்தது.”

“நீங்களா தொறந்துக்கிட்டு வெளிய வரலாமா?”

“எப்பிடி வாறது? திறப்பு அவங்களிட்டையெல்லோ இருந்தது.”

“திறப்புன்னா?”

இந்தச் சொல்லும் போச்சா என்று இருந்தது எனக்கு. சொல்லாமல் கையை உயர்த்தினேன். கோட்டின் கையை முழங்கைவரை இழுத்துவிட்டு, இல்லாத திறப்பு ஒன்றை விரலில் பிடித்து, இல்லாத துவாரத்தில் நுழைத்து, வெளியில் நின்று பூட்டுகிறவன் திருப்புகிற மாதிரித் திருப்பினேன். நாக்கால் அந்தச் சத்தத்தையும் வைத்தேன். “டக்.”

அதிகாரி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தை சொல்லுமுன்னரே அவர் தட்டச்சு இயந்திரத்தின் பக்கம் திரும்பித் தட்டத் தொடங்கினார். இந்த நாட்டில் நான் சொன்ன ஒன்று நேரே போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பதிலாகக் கோட்டின் கையை இழுத்து விரல்களை மறுபடி மூடிக்கொண்டேன். அந்தச் சத்தத்தை நான் ஒவ்வொரு மாலையும் கேட்டவன். அதை நானே என் வாயால் போட்டபோதுதான் எவ்வளவு பயந்திருந்தேன் என்று எனக்கே தெரிந்தது. மொழிபெயர்ப்பாளர் சட்டைப்பையைத் துழாவி ஒரு புதினா மிட்டாயை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அதிகாரியிடம் நீண்ட நேரம் ஏதோ சொன்னார். அது என்னவென்று படியிறங்கும்போது தேவாலய அம்மா சொன்னார். “இந்த மனிதர் தன் வாக்குமூலத்தை மாற்றவில்லை, முதல் விசாரணையில் பிழையாக விளங்கிக்கொண்டது நான்தான், அதை அப்படியே பதிந்துகொள்ளுங்கள்” என்றாராம். அப்படிச் சொல்ல அவருக்கு ஒரு கட்டாயமும் இருக்கவில்லை. நான் அவருக்கு நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டியபோது அவர் ஒரு சொல்லையும் சும்மா விடவில்லை.

“பேசினார்னா, திட்டினார்.”

“ஓம், திட்டினார்.”

“மறியல்னா ஜெயில். கதவு வச்ச ஜெயில்.”

“ஓம்.”

“வெளிக்கிட்டன்னா, கெளம்புனீங்க. கக்கூஸ் இல்ல.”

“கக்கூஸ் இல்லை.”

என்ன சிரிப்பு என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் முகத்தை வைத்துக்கொண்டு விளக்கினார். அதிகாரியும் முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் கக்கூஸைத் தட்டச்சில் அடித்து நீக்கினார்.

பதில் வரப் பனிக்காலம் ஒன்று போய்விட்டது. அந்தக் காலம் முழுக்க மணி அடித்தால் நான்தான் முதலில் படியிறங்கி ஓடினேன். கடைசியில் வந்த தாளை அப்புக்காத்தரிடம் நீட்டுமுன்னரே, நடுப்பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டேன். தேவாலய அம்மா எழுதும்போது தாளில் குத்திக் குத்திக் காட்டிய சொல். சிறை என்பதற்கான ஜெர்மன் சொல். அப்புக்காத்தர் அகராதியோடு உட்கார்ந்து, ஒரு வரியை மூன்று தடவை வாசித்தார். மனுதாரர் சிறையில் அடைத்து வைக்கப்பட்டிருந்தார் என்பது நம்பத்தக்கது. மேல்முறையீடு ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

அவர் வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று கத்தினார்.

“எங்கடை பெடியன் மறியலிலை இருந்தவன் எண்டு ஒத்துக்கொண்டிட்டாங்களடா!”

ஊரில் என் அம்மா நான் அந்த மாரி முழுக்கக் கொழும்பில் வேலையாக இருந்தேன் என்று அயலெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மறியலில் இருந்தவனின் தங்கையை யார் கட்டுவார்கள் என்ற பயம். இங்கே மேல்தளத்தில் ஆட்கள் என்னைக் கட்டிப்பிடித்து, மறியலில் இருந்தாய், மறியலில் இருந்தாய் என்று முதுகில் அடித்தார்கள். வேலைக்குப் போகவேண்டியவன்கூட அரை மணித்தியாலம் பிந்திப் போனான். ஆட்டிறைச்சி வாங்கிவந்தார்கள். சமையல் பொறுப்பை அப்புக்காத்தர் எடுத்துக்கொண்டார். அவர் யாருக்கும் கரண்டியைக் கொடுப்பதில்லை, ஆகவே நான் அவருக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தேன்.

அவர் வழக்கம்போல எனக்கு இனி என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் நின்றுவிட்டார். பிறகு, வெட்டிக்கொண்டிருந்த இறைச்சியைப் பார்த்தபடி சொன்னார்.

“அண்டைக்கு நான் ஓடினது பிழை தம்பி. அவங்கள் வரேக்கை கடையிலையே நிண்டிருக்கோணும்.”

பகிடி விடுகிறார் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஒரு மாரிதானே. இருந்திட்டு வந்திருக்கலாம்.”

என்னோடு அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவர்களில் சிலர் மாரி முடிந்தும் வரவில்லை. பேர்னில் அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“வந்திருப்பியளோ எண்டு ஆருக்குத் தெரியும் அண்ணை?” என்றேன்.

அவர் கத்தியைப் பலகையில் வைத்தார். “அதுவும் சரிதான்,” என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு வெங்காயத்தை என் பக்கம் உருட்டிவிட்டார்.